ஆமை மாதனின் தோள்

தேவனூர் நாட்டில் மாதன் என்று கேட்டால், "எந்த மாதன்?" என்பார்கள். வீட்டுக்கு ஒரு மாதன் இருந்த காலம் அது. ஆமை மாதன் என்று சொல்லிவிட்டால் போதும், நண்டு சிண்டெல்லாம் கை நீட்டி வீட்டைக் காட்டிவிடும். டோலி தூக்கிப் பிழைக்கிறவனுக்கு ஆமை என்று பட்டப்பெயரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஊர் வாய்க்குச் சிரிக்கத் தெரியும், ஏன் என்று கேட்கத் தெரியாது.

கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வர ஒற்றையடிப் பாதைதான். பாதி தூரம் கல்படி, மீதி தூரம் செம்மண் வழுக்கல். மிளகு மூட்டை தலையில் இறங்கும், உப்பும் துணியும் தலையில் ஏறும். நடக்க முடியாதவர்களும் நடக்கப் பிடிக்காதவர்களும் டோலியில் போவார்கள். இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய ஒரு நாற்காலி. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். பின்னால் வருகிறவனுக்குத் தன் காலடி தெரியாது. அதனால் முன்னால் இடப்பக்கம் தூக்குகிறவன் "கல்லு" என்று குரல் கொடுப்பான், மற்ற மூவரும் "கல்லு" என்பார்கள். "வழுக்கு" என்பான், "வழுக்கு" என்பார்கள். அந்த இடப்பக்கத்து ஆள்தான் டோலிக்குக் கண்.

மாதன் இருபது வயதிலேயே அந்த இடத்துக்கு வந்துவிட்டான். அப்போது அவன் ஆமை இல்லை. அவன் குரல் கொடுத்தால் டோலி பறக்கும். நாமக்கல்லிலிருந்து வரும் அதிகாரிகள் "அந்தக் கருத்த பையனைக் கூப்பிடு" என்று கேட்டு வாங்குவார்கள். மூன்று மணி நேரத்து இறக்கத்தை இரண்டு மணியில் இறக்கிவிட்டு, கீழே வந்து மூச்சு வாங்காமல் வெற்றிலை போடுவான். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் இருசாயியின் அப்பன் பெண் கொடுத்தார்.

கல்யாணமான மறுவருஷம் இருசாயிக்கு ஏழாம் மாதத்தில் வலி கண்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, "எங்கையில ஒண்ணுமில்ல சாமி, கீழ தூக்கீட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் நாலு மணி போலப் புறப்பட்டார்கள். பாதையில் முக்கால் தூரம் இறங்கினால் எல்லைக்கல் வரும். நாட்டைக் காக்கிற சாமி அங்கே நிற்கிறது. மாசமாக இருக்கிறவளைப் பொழுது இறங்கிய பிறகு அந்தக் கல்லைத் தாண்டித் தூக்கக் கூடாது, தாண்டினால் சாமி பிள்ளையை நிறுத்திக்கொள்ளும் என்பது மலையின் கட்டு. மலையில் பிறந்தவன் எவனும் அதை மீறி யோசித்ததில்லை. மாதனும் யோசிக்கவில்லை. "ஓடுங்கடா, ஓடுங்கடா" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினான். டோலி துள்ளியது. இருசாயி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, மெதுவாங்க, மெதுவாங்க" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. விழுந்தும் ஓடினான். சாமிக்குப் பயந்து ஓடினான், பிள்ளை மேல் இருந்த ஆசையில் ஓடினான்.

கல்லைத் தாண்டும்போது வெயில் இன்னும் மரத்தின் உச்சியில் இருந்தது. கட்டு மீறவில்லை. ஆனால் தாண்டி நூறு அடி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூட வந்த பெண்கள் சேலையை மறைவாகக் கட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, துணியில் சுற்றியதை எடுத்துப் போய்ப் பாதைக்கு மேலே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். மாதனைக் கிட்டே விடவில்லை. அவனும் கிட்டே போகவில்லை.

குலுங்கியதால்தான் போயிற்றா, போகிற உயிர்தான் போயிற்றா, யார் கண்டது? மாதன் தன் கால்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டான். அதன் பிறகு இருசாயிக்கு வயிறு திறக்கவே இல்லை. அதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை. ஒரே சட்டியில் களி தின்றார்கள், ஒரே கம்பளியில் படுத்தார்கள், அந்த ஒன்றை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். மாதனின் நடை மட்டும் மாறிப்போயிற்று. ஒரு காலை நன்றாக ஊன்றி, அது நின்றுவிட்டதா என்று பார்த்து, அப்புறம்தான் மறுகாலை எடுப்பான். ஆள் ஏறாத வெறும் டோலியானாலும் அப்படித்தான். இரண்டு மணி இறக்கம் நாலு மணி ஆனது. அதிகாரிகள் வேறு ஆளைக் கேட்டார்கள். ஆமை என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

பத்து வருஷம் இப்படியே போயிற்று. அப்புறம்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலிலோ என்னவோ, காப்பித் தோட்டத்து வில்மட் துரை கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தார்.

துரை இங்கிலீஷ்காரர். துரைசானி லூயிஸ் பிரெஞ்சுக்காரி. ஆனால் பிறந்து வளர்ந்தது காரைக்காலில். அப்பா அங்கே பிரெஞ்சு சர்க்காரில் உத்தியோகம். அதனால் தமிழ் அந்த அம்மாளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. டோலியில் ஏறி உட்கார்ந்ததும் "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபோது நாலு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவள். அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு நோட்டுப் புஸ்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிராணியாக எடுத்துக்கொண்டு, அதை வைத்துப் பிரெஞ்சுக்காரன் என்னென்ன சொல்வான், அதையே இங்கிலீஷ்காரன் எப்படிச் சொல்வான் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுவாள். நாயும் பூனையும் முடிந்து அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம், காளியண்ணன் வாயைத் திறந்தான்.

காளியண்ணன் இருசாயியின் தம்பி. பின்னால் வலப்பக்கம் தூக்குகிறவன். வாய் ஓயாது. "மச்சான், இப்படி ஆமையாட்டம் போனா நாம ஊடு சேர்றதுக்குள்ள எம்பொண்ணு பெரியவளாயிருவா" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். மாதனுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்தான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் குத்தும்.

மேலேயிருந்து துரைசானி குனிந்தாள். "அட, நீங்களும் ஆமையைத்தான் சொல்றீங்களா? எங்க பாஷையிலயும் அதேதான். ஆ பா த தொர்த்யு. ஆமை எட்டு வெச்சு நடக்கறதுன்னு அர்த்தம்."

மட்டக்குதிரை மேல் பக்கத்தில் வந்த துரை ஏதோ முணுமுணுத்தார். துரைசானி கலகலவென்று சிரித்தாள். "இவங்க ஊர்ல ஆமையைச் சொல்றதில்லையாம். நத்தைதானாம். ஸ்நெயில்ஸ் பேஸ்!"

"நத்தைங்களா?" என்றான் காளியண்ணன். "அது தோளு மேல எப்படிங்க டோலி தூக்கும்? ஆமையின்னாலாச்சும் முதுகு இருக்குது."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அடுத்த இரண்டு வருஷமும் டோலி ஏறும்போதும் இறங்கும்போதும் ஆமைப் பேச்சுதான். பிரெஞ்சில் எல்லா ஆமைக்கும் தொர்த்யு என்று ஒரே பெயர், நம் தமிழ் மாதிரி. இங்கிலீஷ்காரனுக்குக் கரையில் இருந்தால் டார்ட்டாய்ஸ், கடலில் இருந்தால் டர்ட்டில். "அப்பறம் ஏன் இந்தச் சீப்பை டார்ட்டாய்ஸ் ஓடுன்னு சொல்றீங்க? இது கடலாமை ஓடு!" என்று கொண்டையிலிருந்து சீப்பைப் பிடுங்கித் துரையிடம் நீட்டுவாள். பிரெஞ்சில் அதற்கு எக்காய் என்று பெயர், செதில் என்று அர்த்தம். துரையின் மூக்குக் கண்ணாடிச் சட்டத்தைப் பிரெஞ்சுக்காரன் ஆமைச் செதில் என்பான், இங்கிலீஷ்காரன் கொம்பு என்பான். காளியண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. "கொம்பா ஓடான்னு தெரியாமயே ரெண்டு ஊர்க்காரங்களும் மூக்குல மாட்டீட்டுத் திரியறாங்களா?" என்று கேட்டுத் துரையையே சிரிக்க வைத்துவிட்டான். பங்களாவில் சுற்றுகிற மூவர்ணப் பூனைக்கு மட்டும் இரண்டு பாஷையும் சண்டையில்லாமல் ஆமை ஓட்டின் பெயரையே வைத்திருந்தன. பிரெஞ்சு தேசத்தில் சின்ன ஆமை என்று பெயர் சொல்லி ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறதாம். பறக்கிறதற்குப் போய் ஆமை என்று பெயரா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

இங்கிலீஷ்காரன் படகு கவிழ்ந்தால் "டர்ன் டர்ட்டில்" என்பானாம், ஆமை மாதிரி மல்லாந்துவிட்டது என்று. பிரெஞ்சில் அதற்கு ஷவிரே என்று தனிச் சொல், ஆமைக்கு அங்கே வேலையில்லை. இதைக் கேட்டபோதுதான் மாதன் முதல்தடவையாக வாயைத் திறந்தான்.

"மல்லாந்து கெடந்தா நிமுத்தி உடோணுங்களே அம்மா. பாத்துட்டுப் பேரு மட்டும் வெச்சுட்டா ஆச்சுங்களா?"

துரைசானி எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

இன்னொரு நாள் சுமைதாங்கிக் கல்லில் டோலியை இறக்கி வைத்திருந்தபோது நோட்டை அவனிடம் காட்டினாள். "மாதன், இதைப் பாருங்க. இந்தப் பக்கம் வேற ஆள் முன்னால தூக்கினப்ப எழுதினது. இது நீங்க தூக்கினப்ப எழுதினது." மாதனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கண் இருந்ததே. ஒரு பக்கத்தில் கோடெல்லாம் மேலும் கீழும் கோணிக்கொண்டு ஓடின. மறுபக்கத்தில் உழுத சால் மாதிரி வரிசையாக இருந்தன. "மெதுவா நடக்கறவனைக் கெல் தொர்த்யுன்னு எங்க ஊர்ல கேலி பண்ணுவாங்க. ஸ்லோகோச்சுன்னு இவங்க சொல்லுவாங்க, மெதுவாப் போற வண்டின்னு. நான் கேலிக்குச் சொல்லலை. நீங்க இல்லாட்டி இந்தப் புஸ்தகம் இல்லை."

மாதன் தலையைக் குனிந்துகொண்டான். பத்து வருஷமாகக் குத்திய முள்ளை யாரோ பிடுங்கிப் போட்டது போல இருந்தது. வீட்டுக்கு வந்து இருசாயியிடம் சொல்லலாம் என்று நினைத்தான். சொன்னால் ஏன் மெதுவாக நடக்கிறோம் என்ற பேச்சு வரும். சொல்லவில்லை.

முப்பத்து ஆறாம் வருஷம் துரைசானி முழுகாமல் இருந்தாள். முதலில் இரண்டு தடவை தங்காமல் போனது என்று பங்களா வேலைக்காரி வந்து சொன்னாள். சேலத்து டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்பதாம் மாதம் பிறப்பதற்குள் கீழே வந்துவிட வேண்டும், உடம்பு குலுங்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். எல்லாம் ஏற்பாடாகி, நாளும் குறித்தாயிற்று. அதற்குப் பத்து நாள் முன்னதாகவே ஒரு காலையில் வலி கண்டுவிட்டது. உதிரமும் பட்டது. துரை ஓர் ஆளை ஓட்டமாகக் கீழே விரட்டினார், மோட்டாரும் நர்ஸும் காரவள்ளிக்கு வரட்டும் என்று. இன்னோர் ஆள் மாதனைத் தேடி வந்தான்.

மாதன் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டான். "வேண்டாங்க. மாசமா இருக்கறவங்கள நா தூக்கறதில்லீங்க. பன்னெண்டு வருசமாத் தூக்கறதில்லீங்க. வேற ஆளப் பாருங்க."

"அம்மா உங்களைத்தான் கேக்கறாங்க. நீங்க முன்னால நின்னாத்தான் டோலி ஏறுவேன்னு அழுவறாங்க."

உள்ளே சாமை புடைத்துக்கொண்டிருந்த இருசாயி முறத்தைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். "பொறப்படுங்க. பொம்பள ஒருத்தி கூட வேணுமில்ல. நானும் வாரேன்."

மழை வேறு பிடித்துக்கொண்டது. அது விட்டுப் புறப்பட மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. துரைசானி மெத்தை போட்ட டோலியில் சாய்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. நோட்டும் இல்லை, பேச்சும் இல்லை. மாதன் மூங்கிலைத் தோளில் வாங்கியபோது மட்டும் மெல்லச் சொன்னாள், "ஆ பா த தொர்த்யு, மாதன்."

"ஆகட்டுங்க அம்மா."

இறங்கினார்கள். "கல்லு." "கல்லு." "ஒரு படி." "ஒரு படி." மழையில் நனைந்த பாதை சோப்பு போட்டது மாதிரி இருந்தது. மாதன் ஒவ்வொரு காலையும் ஊன்றிப் பார்த்து எடுத்தான். துரை மட்டக்குதிரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நடந்து வந்தார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கெஞ்சினார். அவரைக் குற்றம் சொல்லி என்ன? பெண்டாட்டி வலியில் முனகும்போது எவனுக்குத்தான் பொறுமை இருக்கும்? இருசாயி டோலியின் மறுபக்கம் நடந்தாள். ஒரு கையால் துரைசானியின் கையைப் பிடித்திருந்தாள்.

எல்லைக்கல்லுக்கு அரை மைல் தூரம் இருக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. காளியண்ணன் முதலில் பார்த்தான். "மச்சான்! பொழுது எறங்குது. ஒரே ஓட்டமா ஓடுனாத் தாண்டிப்போடலாம். ஓடுங்க!"

மாதன் நிமிர்ந்து பார்த்தான். அதே மரம், அதே உச்சி, அதே வெயில். அவன் கால் அவனைக் கேட்காமலே எட்டிப் போட்டது. ஒரு எட்டு, இரண்டு எட்டு, நாலு எட்டு. டோலி துள்ளியது. மேலேயிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் வந்தது. காரைக்கால் தமிழில்தான் வந்தது, ஆனால் மாதனுக்கு அது இருசாயியின் சத்தமாகவே கேட்டது. அப்படியே நின்றுவிட்டான்.

"நா ஓட மாட்டேன்" என்றான். "செத்தாலும் ஓட மாட்டேன்."

மறுபடியும் ஊன்றி ஊன்றி நடந்தான். மற்ற மூவரும் வேறு வழியில்லாமல் அவன் காலுக்குக் கால் வைத்தார்கள். எல்லைக்கல்லுக்கு முன்னால் வந்து நின்றபோது வெயில் போய்விட்டது. மஞ்சள் பூசிய கல் இருட்டாகத் தெரிந்தது. காளியண்ணன் டோலியை இறக்கச் சொன்னான்.

"இனி நாங்க தூக்க மாட்டம் மச்சான். காலையில தாண்டிக்கலாம். சாமி கட்டு."

"காலை வரைக்கும் இவங்க தாங்குவாங்களாடா?"

"நா என்ன பண்ணட்டும்? அந்தப் புள்ளைய சாமி புடிச்சு வெச்சுக்கிட்டா அந்தப் பாவம் ஆருக்கு?"

தாண்டாவிட்டால் இவள் போய்விடுவாள். தாண்டினால் பிள்ளையைச் சாமி கேட்கும். மாதனும் மலையில் பிறந்தவன்தானே, பயம் அவனுக்கும் இருந்தது. துரை ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருசாயி துரைசானியின் கையை விட்டாள். யாரையும் பார்க்காமல் நேராகப் போய்க் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றாள். திரும்பினாள்.

"டேய் தம்பி, நா சொல்றதக் கேளு. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால இதே பாதையில என்னத் தூக்கீட்டு ஓடி வந்தாங்க. வெயிலு இருக்கையிலயே தாண்டுனோம். கட்டு மீறல. சாமி எம்புள்ளையக் குடுத்துச்சா? இந்தா, இந்த மேட்டுலதான் பொதச்சாங்க." அவள் கை காட்டினாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் கை நீண்டது அதுதான் முதல்தடவை. "குடுக்கறதுக்கு எனக்கு இனி ஒண்ணுமில்ல. சாமி கேட்டா நா பதில் சொல்லிக்கறேன். எம்மேல போடு." பிறகு மாதனைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "ஏனுங்க, நீங்க மெதுவா வாங்க. நா இங்கயே நிக்கறேன்."

மாதன் குனிந்து மூங்கிலைத் தோளில் வாங்கினான். ஒரு நிமிஷம் டோலி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அப்புறம் காளியண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் பக்கத்தைத் தூக்கினான். மற்ற இருவரும் தூக்கினார்கள். "கல்லு" என்றான் மாதன். "கல்லு" என்றார்கள். இருசாயி நின்ற இடத்தை நோக்கி ஒவ்வொரு எட்டாக வந்தார்கள். கிட்டே வந்ததும் அவள் மறுபடியும் துரைசானியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரயாணிகள் தங்குகிற காரவள்ளி முசாபரி பங்களாவில் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். மோட்டாரும் நர்ஸும் வந்திருந்தார்கள். சேலம் போக நேரமில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் விட்டார்கள். இருசாயியும் உள்ளே போனாள், கதவைச் சாத்திவிட்டார்கள். மாதன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். தோள் வீங்கியிருந்தது, வலி தெரியவில்லை. கும்பிடவும் தோன்றவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணி நேரம் இருக்கும். உள்ளேயிருந்து பிள்ளை அழுதது. சன்னமாக ஆரம்பித்துப் பிறகு ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. துரை படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். நர்ஸ் எட்டிப் பார்த்து, "ரெண்டு உசுரும் சௌக்கியம்" என்றாள்.

காளியண்ணன் துள்ளி எழுந்தான். "என்ன புள்ளைங்க?"

"ஆம்பளப் புள்ள."

காளியண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து மேலே வீசினான். மாதன் அசையவில்லை. காளியண்ணன் கேட்ட கேள்வி அவனுக்குள் போய் நின்றுவிட்டது. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஊரே முதலில் கேட்கிற கேள்விதான். அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் இருசாயி வெளியே வந்தாள். கையெல்லாம் வெந்நீர் வாசனை. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். அவன் அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"இருசா, நம்முளது என்ன புள்ள?"

அவள் அவன் வீங்கின தோளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"பொண்ணுங்க" என்றாள். "கையளவுதான் இருந்தா. தலை நெறைய முடி. நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு பன்னெண்டு வருசமாப் பாத்துட்டே இருந்தனுங்க."